பிரைட்கர்க் கல்தொட்டியும் அதன் ஈரடிச் செய்யுளும்

கல்வெட்டு என்றவுடன் அதனை வரலாற்றாசிரியர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்பது இலக்கிய ஆராய்ச்சியாளரிடை ஊறிப்போன வழக்கம். அவ்வழக்கத்தால் நல்லதொரு செய்யுள் செய்யுளாகவே எண்ணப்படாமற் போவதும் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்கில், காக்கர்மவுத் நகரை அடுத்துள்ள பிரைட்கர்க் என்னும் சிற்றூரின் கோயிலில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி இதற்குத் தக்க சான்றாகும். அவ்வூருக்கு இலக்கியத் தொடர்பு கூறுவோர், அடிசனின் நண்பராகிய தாமஸ் டிக்கெல் என்னும் கவிஞர் 1685-இல் அங்குப் பிறந்தார் என்பர். அவருக்கு ஐந்து நூற்றாண்டு முன்னரே அவ்வூர்க் கல் ஒன்று பாடியிருக்கிறது என்பதே ஈண்டு யாம் கூற வருவது.

இன்றுள்ள கோயில் 19-ஆம் நூற்றாண்டிற் கட்டப்பட்டது. தொட்டியோ 12-ஆம் நூற்றாண்டினது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிக்கும் நீரைக் கொள்ளும் கலம் அது. நான்கு முகங்களிலும் சிற்பம் நிறைந்துள்ளது. ஒரு முகத்தில் இயேசு திருமுழுக்குப் பெறும் காட்சி. பிறிதொன்றில் ஆதாமும் ஏவாளும் ஏதேனிலிருந்து துரத்தப்படும் காட்சி. விந்தை விலங்குகள் ஆங்காங்கே பின்னிக் கிடக்கின்றன. இவை அக்காலத் தொட்டிகளிற் காணக்கூடியனவே. எஞ்சிய முகமொன்றில்தான் புதுமை உள்ளது. அங்கு நாடா ஒன்று விரிந்தாற்போற் செதுக்கி, அதில் எழுத்துகளைப் பொறித்துள்ளனர். அதன்கீழ்க் கொடிச் சுருளின் இடையே உளியும் கொட்டாப்புளியும் ஏந்திய சிற்றுருவம் ஒன்று தொழிலில் ஈடுபட்டிருக்கிறது.

எழுத்துகள் ஸ்காண்டிநேவியர் வழங்கிய ரூனிக் வரிவடிவைச் சேர்ந்தவை, மொழியோ ஆங்கிலம். ஓலைக்குப் பதில் தோலில் எழுதிய அக்கால ஏட்டாளர் கையாண்ட சில எழுத்துகளும், 'உம்' என்னும் பொருள்தரும் அவர்தம் சுருக்கக் குறியும் நடுவே விரவியுள்ளன. ஆகவே வாசகத்தை வகுத்தவன் ஏட்டுப் பயிற்சி உடையவன், அல்லது அத்தகையான் ஒருவனை அருகில் வைத்திருந்தவன் எனக் கொள்ளலாம். மைக்கேல் பார்ன்ஸ், ரேமண்ட் பேஜ் ஆகிய இருவரும் பிரித்தானியாவின் ஸ்காண்டிநேவிய ரூனிக் கல்வெட்டுகளைத் தொகுத்து 2006-இல் வெளியிட்ட நூலில் இதுவும் இடம்பெற்றது. எழுத்து நோக்கி அது முறையே. ஆயினும் ஆங்கிலச் செய்யுள் வரலாற்றில் இடம்பெற வேண்டியது, வரிவடிவு காரணமாக வேறொரு பேழையில் அடைபட்டுவிட்டது என்பதை மறுத்தற்கில்லை.

வாசகம் கூறுவது சுருக்கமானது. ரிக்கார்த் என்பான் தன்னை இயற்றினான் என்றும், இப்பொலிவிற்கு ஆர்வத்தோடு தன்னைக் கொணர்ந்தான் என்றும் கல்லே தன்மை இடத்தில் நின்று பேசுகிறது. அவ்வளவே. ஆயினும் அஃது உரைநடை அன்று. முதலடி 'இவ்ரொக்தெ' என முடிய, இரண்டாமடி 'ப்ரொக்தெ' என முடிகிறது. நம் யாப்பிலக்கண வழக்கிற் சொல்வதானால் இஃது இயைபுத் தொடை. பழைய ஆங்கிலச் செய்யுள் மோனையை உயிராகக் கொண்டது. அடியிறுதி இயைபு அதற்கு இன்றியமையாதது அன்று. 12-ஆம் நூற்றாண்டில்தான் இயைபு ஆங்கிலத்தில் வேரூன்றத் தலைப்பட்டது. 1170-இல் மறைந்த பிஞ்ச்சேல் துறவி காட்ரிக்கின் சிறு பாடல்கள் இவ்வாறு இயைபு பெற்றவை. அவையும் வடபகுதியிலேயே பிறந்தவை. 1066-க்குப் பின் அரசவையிற் பிரெஞ்சும் கோயிலில் இலத்தீனும் வீற்றிருக்க, ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை அருகின. பீட்டர்பரோ ஆண்டுக்குறிப்பும் 1154-ஆம் ஆண்டுச் செய்தியோடு நின்றுவிட்டது. அத்தகைய காலத்து இரண்டடிகளை அளவு சிறிதென்று தள்ளுதல் பொருந்தாது.

இவ்வாசகத்தைப் படித்தோர் வரலாறு தனியே கூறத்தக்கது. கேம்டன் இத்தொட்டியைக் கண்டு குறித்தார். எழுத்து அவருக்கு விளங்கவில்லை. பின்னாளில் கார்லைல் ஆயராகிய வில்லியம் நிக்கல்சன், 1685-இல் டக்டேலுக்கு வரைந்த மடலில் துணிந்து பொருள் கூறினார். எக்கார்த் என்பான் இங்கு மனந்திரும்பினான். அவனைப் பின்பற்றி டேனியரும் திரும்பினர் என்பது அவர் கொண்ட பொருள். ரிக்கார்த் என்னும் பெயரின் தலையைக் கொய்து 'இங்கு' என்னும் சொல்லாக்கினார். இரண்டாமடியின் இடர்மிகுந்த சொல்லொன்றில் டேனியரைக் கண்டார். சொல் பிரிப்பதில் நேரும் பிழை எவர்க்கும் உரியதே. அதற்காக அவரை எள்ளுதல் தகாது. முதன்முதலில் முயன்ற துணிவு பாராட்டுக்குரியது. ஆனால் இரண்டு சான்றுகள் அவர் கண்முன்னேயே இருந்தன. அவர் படித்த வடிவிலும் அடியிறுதி இயைபு கெடாமல் நின்றது. மனமாற்றச் செய்தி ஏன் இயைந்து ஒலிக்க வேண்டும் என அவர் கேட்கவில்லை. எழுத்தின் கீழேயே உளியேந்தியவன் இருந்தான். அவன் யார் எனவும் கேட்கவில்லை. கல்லில் நாட்டு வரலாறு இருந்தே தீரும் என்னும் எதிர்பார்ப்பு, கல்தச்சனை மறைத்துவிட்டது.

பிழை திருந்திய பின்னரும் அவ்வெதிர்பார்ப்பு வேறு உருவில் தலைகாட்டியது. டரம் ஆயர் ஹியூவிடம் பணியாற்றிய புகழ்பெற்ற கட்டடக் கலைஞன் ரிச்சர்டே இவன் எனச் சிலர் உரைத்தனர். ரிச்சர்ட் என்பது நார்மானியர் காலத்திற் பெருவழக்கான பெயர். பெயர் ஒற்றுமை ஒன்றுகொண்டு ஆளை இணைத்தல் வலியற்ற வாதம். சிற்றூர்த் தொட்டிக்குப் பெரிய இடத்துச் சிறப்பை ஏற்றும் விருப்பமே இதில் மிகுந்துள்ளது.

வாசகத்தின் உண்மையான சிறப்பு, அது யாரைக் கூறுகிறது என்பதினும் யாரைக் கூறவில்லை என்பதிலேயே உள்ளது. செய்பொருள் தானே பேசும் மரபு ஆங்கிலத்திற் பழையது. 1693-இற் கண்டெடுக்கப்பட்ட ஆல்பிரட் அணிகலன், ஆல்பிரட் தன்னைச் செய்வித்ததாகக் கூறுகிறது. செய்வித்தோன் பெயர் உண்டு, செய்தோன் பெயர் இல்லை. பிரைட்கர்க்கிற்குத் தெற்கே பெனிங்டன் கோயில் வாயில்மேற் கல்லில் உள்ள 12-ஆம் நூற்றாண்டு ரூனிக் வாசகம், கமல் என்பான் கோயிலை நிறுவியதை முதலிற் கூறி, ஹியூபர்ட் என்னும் கல்தச்சனைப் பின்னர்க் கூறுகிறது. பிரைட்கர்க் கல்லிலோ நிறுவியோன் இல்லை; பொருள் கொடுத்தோன் இல்லை; குருவும் இல்லை. தச்சன் ஒருவனே பெயராகவும் உருவாகவும் நிற்கிறான். கார்லைல் பேராலயத்துச் சுவரில் டால்பின் என்பான் இவ்வெழுத்துகளைத் தான் பொறித்ததாகக் கீறிவைத்தானே எனின், அது போகிற போக்கிற் கீறியது. இது கோயிலின் உயிர்நாடியான சடங்குக்குரிய கலத்தில் இடம்வகுத்து, அணிசெய்து, யாப்பமைத்துப் பொறித்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர் வழங்கப்படும் இடத்தில், அக்கலத்தைச் செய்தவன் பெயரும் உடனிருக்குமாறு அமைந்துள்ளது.

எழுத்தும் சிற்பமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், இரண்டையும் ஒருங்கே படித்தல் வேண்டும். 'இயற்றினான்' என்று மேலே சொல், கீழே செயல். அதுவும் முடிந்த செயல் அன்று, நிகழும் செயல். செய்யுள் இறந்தகாலத்திற் கூறியதைச் சிற்பம் நிகழ்காலத்தில் நிறுத்துகிறது. கொடிச் சுருளை இன்னும் செதுக்கிக் கொண்டிருப்பவன் போலவே அவன் காட்சியளிக்கிறான்.

ஓர் ஐயம் எஞ்சுகிறது. 'பொலிவு' என்று யாம் கொண்ட 'மெர்த்' என்னும் சொல், ஸ்காண்டிநேவிய மொழியிற் புகழ், சிறப்பு எனப் பொருள்படுவது. ஆங்கில அடியில் அஃது இயல்பாய் அமர்ந்திருத்தல், இருமொழி வழங்கிய நாட்டுப்புறத்தின் பேச்சைக் காட்டும். அதனை அடுத்து நிற்கும் 'கெர்னர்' என்பதே இடர் தருவது. ஆர்வத்தோடு என்னும் வினையடையாகக் கொள்வார் பலர். அவ்வாறு கொண்டால் இறுதி ரகரத்திற்கு அமைதி காண்பது அரிது. மற்றொருவன் பெயராகக் கொண்டால் ரகர இடர் தீரும். செய்தவன் ஒருவன், பொலிவித்தவன் வேறொருவன் என்றாகும். இடைக்காலக் கற்சிற்பங்களுக்கு வண்ணம் தீட்டுதல் வழக்காதலின், பொலிவித்தவன் வண்ணக்காரனாக இருத்தலும் கூடும். ஆயின் சிற்பத்தில் இருப்பவன் ஒருவனே. அவன் கையில் இருப்பது தூரிகை அன்று, உளி. இரண்டு வினைகளும் ஒருவன் மேலனவாதலே அச்சிற்பத்தோடு இயைவது என்பது எம் கருத்து. ரகரத்திற்கு அமைதி கூறும் கடமை மொழிநூலாரைச் சாரும்.