ஒரு பிட்டின் வேலை

டிஸ்ப்ளே டிரைவரில் எனக்கு மிகவும் பிடித்த திருத்தம், சிக்னல் போலாரிட்டியைச் சரிசெய்வதுதான். ரெஜிஸ்டரில் ஒரே ஒரு பிட்டைப் புரட்டிப் போட வேண்டும், அவ்வளவே. ஹெச்-சிங்க் (ஹாரிஸாண்டல் சிங்க்) போலாரிட்டி தலைகீழாக இருந்தால் படம் பக்கவாட்டில் நகர்ந்து நிற்கக்கூடும். பிக்ஸல் கிளாக்கின் தவறான விளிம்பில் தரவை வாசித்தாலோ, எழுத்தோரங்களில் நிறப்பொட்டுகள் நெளியும். பழி முதலில் கேபிள்மேல்தான் விழும், பாவம்!

1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ இந்தப் போலாரிட்டியையே செய்தியாக்கியது. ஹாரிஸாண்டல், வெர்டிகல் சிங்க் இரண்டும் நெகட்டிவ் என்றால் 480 வரிகள். வெர்டிகல் மட்டும் பாசிட்டிவ் என்றால் 400. ஹாரிஸாண்டல் மட்டும் பாசிட்டிவ் என்றால் 350. இதற்கென்று தனிக் கம்பி கிடையாது. மானிட்டரே புரிந்துகொண்டு படத்தின் உயரத்தைச் சரிசெய்துகொள்ளும். என்ன கெட்டிக்காரத்தனம்!

புதுப் பேனலுக்கு டிரைவர் எழுதுகிறீர்களா? டேட்டாஷீட்டில் போலாரிட்டியைக் காட்டும் டைமிங் படத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.