ஒளிவாள் பிடியும் அச்சு அசல் நகலும்

1977இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவாக்கர் ஏந்தும் ஒளிவாளின் பிடி, படத்துக்கென்று வார்க்கப்பட்டதல்ல. பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காக கிராஃப்ளெக்ஸ் நிறுவனம் தயாரித்த, மூன்று பேட்டரி கொள்ளும் பிளாஷ் கைப்பிடி அது. கையில் அதிகப் பணமில்லாமல் அரங்கப் பொருள்களைத் தேடிய ரோஜர் கிறிஸ்டியன், லண்டன் புகைப்படக் கடையொன்றில் அதைக் கண்டெடுத்தார். பிடியைச் சுற்றி ரப்பர் பட்டைகளை ஒட்டினார்; கவ்வியில் பழைய கால்குலேட்டரின் குமிழ் லென்ஸ் பட்டையைச் செருகினார்; இடுப்பில் தொங்கவிட அடியில் ஒரு வளையம் சேர்த்தார். அந்தப் பிடியைத் திரையில் கண்டபடியே திரும்பச் செய்வது பல நாட்டு ரசிகர்கள் விரும்பி ஈடுபடும் கைவேலையாக வளர்ந்திருக்கிறது.

இதன் முதன்மையான பலன் ஆராய்ச்சி. இத்தகைய பொருள்கள் எவற்றிலிருந்து உருவாயின என்ற விவரத்தை யாரும் முறையாகப் பதிந்து வைப்பதில்லை. படச்சட்டங்களை நிறுத்திப் பார்த்தும், விளம்பரப் புகைப்படங்களைப் பெரிதாக்கியும், பழைய பொருள் சந்தைகளைத் துழாவியும் ஒவ்வோர் உறுப்பையும் ரசிகர்களே அடையாளம் கண்டார்கள். அதே படத்தின் இன்னொரு பாத்திரமான ஓபி-வானின் வாள்பிடியில் முதல் உலகப் போர்க் காலத்து ரைபிள் எறிகுண்டு, ஜெட் எஞ்சினின் குழாய்த் துண்டு, தண்ணீர்க் குழாயின் திருகுபிடி ஆகியவை இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. திரைப்படக் கலை இயக்கத்தின் வரலாற்றுக்கு இது உண்மையான கொடை. தொழில்முறை ஆய்வாளர்கள் தொடாத இடத்தை ஆர்வலர்கள் நிரப்பியிருக்கிறார்கள்.

ஆனால் 'அச்சு அசல்' என்று எதைச் சொல்வது? ஒரே படத்திலேயே அண்மைக்காட்சிக்கு ஒரு பிடி, மோட்டாரால் சுழலும் கழி பொருத்திய சண்டைக்காட்சிக்கு வேறொன்று. 1980இல் வந்த அடுத்த படத்தில் லென்ஸ் பட்டை போய், மின்சுற்றுப் பலகையின் விளிம்புத் துண்டு வந்துவிட்டது. 'பிளேட் ரன்னர்' (1982) துப்பாக்கி இன்னும் தெளிவான பாடம். படப்பிடிப்பில் பயன்பட்ட அசல் துப்பாக்கி 2006இல் ஆனஹைம் நகரின் உலக அறிவியல் புனைவு மாநாட்டில் காட்சிக்கு வந்தபோது, அதுவரை துல்லியம் எனக் கருதப்பட்ட நகல்களின் பிழைகள் வெளிப்பட்டன. எந்தத் துல்லியமும் அடுத்த சான்று கிடைக்கும்வரைதான். அவசரத்தில் வழிந்த பசையையும் கோணலாக ஒட்டிய பட்டையையும் அப்படியே நகலெடுப்பதைக் குறை சொல்ல முடியாது. பொருள் உருவான விதத்தை அவையும் காட்டுகின்றன. எனினும் கலைஞரின் நோக்கத்தையும் தற்செயலையும் ஒரே தட்டில் வைப்பது வழிபாடாகிவிடுகிறது.

மன்னிக்க முடியாத குறை வேறு. நகலுக்காக அசல் கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகளே தேடித்தேடி வாங்கப்படுகின்றன. விலை ஏறியதோடு, பழைய கேமராக்களைப் பாதுகாப்போருக்கு அவை கிடைப்பதும் அரிதாகிவிட்டது. துளையிட்டுப் பசை பூசிய பின் பிளாஷ் பழைய நிலைக்குத் திரும்பாது. 1940களின் செய்திப் படங்களுக்கு ஒளி தந்த கருவி, ஒரு படப் பொருளின் சாயலுக்காக அழிகிறது. இதற்கு அவசியமும் இல்லை: அதே அளவில் புதிதாகச் செய்த கைப்பிடிகள் இப்போது விற்பனையில் உள்ளன, கண்ணுக்கு வேறுபாடு மிகக் குறைவு. அசல் கிராஃப்ளெக்ஸ் கையில் கிடைத்தவர்கள் அதை அளந்துகொள்ளட்டும், படமெடுத்துக்கொள்ளட்டும், துளையிடாமல் விட்டுவைக்கட்டும்.