தப்பே செய்யாத கணக்கு

எடை குறையவில்லை என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பதில் தயாராக இருக்கிறது: "இயற்பியல் பொய் சொல்லாது. நீங்கள் சொல்வதைவிட அதிகம் சாப்பிடுகிறீர்கள்." யூடியூபில் உடற்பயிற்சி ஆலோசகர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். மருத்துவர்கள் இதையே கொஞ்சம் மென்மையாகச் சொல்கிறார்கள். உண்ட இட்லியையும் தொட்டுக்கொண்ட சட்னியையும் வேளை தவறாமல் செயலியில் பதிந்து, கையிலிருக்கும் ஸ்மார்ட் வாட்ச் பத்தாயிரம் என்று அதிரும்வரை மொட்டைமாடியைச் சுற்றி வந்து, மாதங்கள் கழித்தும் எடை மெஷினில் ஏறக்குறைய அதே எண்ணைப் பார்க்கிறவருக்கு இதுதான் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைத் துணிச்சலான உண்மை என்று பலர் இப்போது பாராட்டுகிறார்கள். எனக்கு அது சோம்பேறித்தனமாகப் படுகிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். ஆற்றல் அழியாது, ஆகாயத்திலிருந்தும் வராது. செலவைவிட வரவு குறையாமல் கொழுப்பு கரையாது. சில வாரம் கலோரி எண்ணிப் பார்ப்பது நல்ல படிப்பினை. மாலை நேரத்து மிக்சரும் டிவி முன்னால் தீரும் முந்திரியும் சாப்பாட்டுக்குச் சமமாக நிற்பதை அப்போதுதான் பலர் கவனிக்கிறார்கள். மனிதர்கள் தாம் உண்பதைக் குறைத்துச் சொல்வதும் உண்மை. நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழே உண்டும் எடை குறையவில்லை என்று சொன்ன 10 பேரை நியூயார்க்கில் அளந்து பார்த்து 1992இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் தம் உணவைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும் உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொன்னதாகக் கண்டது. கலோரிக் கட்சிக்காரர்களின் துருப்புச்சீட்டு அதுதான். நடை நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை.

என் சண்டை வேறு இடத்தில். இந்தக் கணக்கு தோற்கும்போது அது யாரைக் கைகாட்டுகிறது என்று பாருங்கள். எடை இறங்கினால் முறை வென்றது. இறங்காவிட்டால் ஆள் தோற்றார், அல்லது ஆள் பொய் சொன்னார். பரிகாரம் பலிக்கவில்லையென்றால் செய்தவருக்குச் சிரத்தை போதவில்லை என்பார்களே, அதே ஏற்பாடு. எந்த விளைவு வந்தாலும் பிழைபடாத ஒரு முறையைச் சோதிக்கவே முடியாது. இயற்பியலின் பெயரைச் சொல்லி அதை விற்பது இயற்பியலுக்கும் நல்லதல்ல.

எல்லோருக்கும் மனப்பாடமான விதியையே எடுத்துக்கொள்வோம்: ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி, தினம் 500 குறைத்தால் வாரத்துக்கு ஏறக்குறைய அரை கிலோ. மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி என்ற அமெரிக்க மருத்துவர் 1958இல் போட்ட கணக்கின் வழித்தோன்றல் இது. அவர் கணக்கிட்டது கொழுப்புத் திசுவில் அடங்கிய ஆற்றலை. அதில் தவறில்லை. அதை வருடக்கணக்கில் நீட்டியதுதான் தவறு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் தினம் 500 கலோரி குறைத்துக்கொண்டே வந்தால் முதல் ஆண்டில் 23 கிலோவுக்கு மேல் போக வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் 47. மூன்றாம் ஆண்டு முடிவில் ஆளே இருக்கக்கூடாது. யாரும் அப்படி மறைந்துபோவதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2011இல் வெளியிட்ட மாதிரிக் கணக்கின்படி, அதே 500 கலோரிக் குறைப்புக்கு முதல் ஆண்டில் எதிர்பார்க்கத்தக்க இறக்கம் பழைய விதி சொல்வதில் ஏறக்குறைய பாதிதான். அதன் பிறகு வேகம் இன்னும் தளரும், மூன்று ஆண்டுவாக்கில் ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் செயலிகளும் ஆலோசகர்களும் பழைய வாய்ப்பாட்டையே நீட்டுகிறார்கள். எட்டாவது மாதம் எடை நின்றுபோனவரிடம் "எங்கேயோ ஏமாற்றுகிறீர்கள்" என்கிறார்கள்.

வரவைக் குறைத்தால் செலவும் சேர்ந்து குறைகிறது. சிறுத்த உடலுக்குத் தேவை குறைவு என்பது ஒரு பங்கு. உடல் தானாகவே இன்னும் கொஞ்சம் சிக்கனம் பிடிப்பது இன்னொரு பங்கு. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டு கழித்து ஹால் குழு அளந்தபோது, சும்மா இருக்கையில் அவர்கள் உடல் செலவழித்த ஆற்றல் எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் பட்டினி கிடந்து மணிக்கணக்கில் உழைத்தவர்கள், மிகையான உதாரணம்தான். ஆனால் பசியைப் பற்றிய கண்டுபிடிப்பு சாதாரண மனிதர்களைப் பற்றியது. மெல்போர்னில் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் ஓராண்டு கழித்தும் ஏறியே இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கலோரி அட்டவணையில் பசிக்கு ஒரு பத்தி கிடையாது.

சரி, வரவையாவது ஒழுங்காக எழுத முடியுமா? நம் சமையலறைக்குள் வந்து சொல்லட்டும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணை 528 பொருள்களை அலசியிருக்கிறது. அருமையான வேலை. ஆனால் அது பச்சையான பொருள்களுக்கு. செயலியில் "சாம்பார், ஒரு கப்" என்று தேடினால் ஒரு எண் வருகிறது. யார் வீட்டுச் சாம்பார்? தேங்காய் அரைத்து விட்டதா, வெறும் பருப்பா, ஓட்டலில் மேலே எண்ணெய் மிதப்பதா? ஐந்து பேருக்கு ஒரே வாணலியில் வதக்கிய கத்தரிக்காயில் எண்ணெயைக் குடித்த துண்டு யார் தட்டில் விழுந்தது? பாட்டிலைச் சாய்த்து, கண்ணளவில் ஊற்றித் தாளிக்கும் கைக்கு ஒரு மேசைக்கரண்டி கூடிக் குறைவது பெரிய விஷயமே இல்லை. அந்த ஒரு கரண்டி ஏறக்குறைய 120 கலோரி. 70 கிலோ ஆள் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நடந்தால், சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்த பிறகு மிஞ்சுவது 90 சொச்சம். தாளிப்பில் வரும் பிழை மொத்த நடையையும் விழுங்கிவிடுகிறது. ருசி பார்த்த கரண்டி, குழந்தை மிச்சம் வைத்த தோசை, விருந்துக்குப் போன வீட்டில் "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று இலையில் விழுந்த வடை, இவையெல்லாம் தனி.

இதற்கு வரும் பதில்: ஒழுங்காக எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள், கிச்சன் தராசு வாங்குங்கள். எண்ணுவதையே தொழிலாகக் கொண்டவர்களை 2002இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு அளந்தது. உணவியல் நிபுணர்களான பெண்கள் தம் உணவைப் பதிவு செய்ததில் சராசரியாக நாளுக்கு 200 கலோரிக்கு மேல் விட்டுப்போயிருந்தது. மற்றப் பெண்களுக்கு 400க்கு மேல். படித்தவருக்கும் பாதிப் பிழை மிச்சம். 1992 ஆய்வை நீட்டுகிறவர்கள் இதைச் சேர்த்து நீட்டுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் தெரிவது எண்ணுகிறவரின் ஒழுக்கக்கேடா, கருவியின் கோளாறா? துணிக்கடை கெஜக்கோல் பத்தில் ஒன்பது பேருக்குத் தப்பாக அளந்தால் கோலை மாற்றுவார்களே ஒழிய வாங்க வந்தவரைத் திட்டமாட்டார்கள்.

செலவுப் பக்கம் இன்னும் மோசம். ஏழு கைக்கடிகாரக் கருவிகளை ஸ்டான்ஃபோர்டில் 60 பேருக்கு மாட்டிப் பார்த்த 2017 ஆய்வில், எரித்த கலோரியைச் சொல்வதில் இருப்பதிலேயே நல்ல கருவிக்குச் சராசரிப் பிழை 27 சதவீதம். இந்த எண்ணைத்தான் பல செயலிகள் அன்றைய சாப்பாட்டுக் கணக்கில் திருப்பி வரவு வைக்கின்றன: நடந்தீர்கள், இன்னும் இவ்வளவு உண்ணலாம். 471 இளைஞர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2016இல் வந்தது. எடைக்குறைப்புத் திட்டத்தோடு கருவியும் கட்டிக்கொண்டவர்கள் 24 மாதத்தில் 3.5 கிலோ குறைந்தார்கள். கருவி இல்லாதவர்கள் 5.9 கிலோ. தினம் பத்தாயிரம் அடி என்ற எண்ணுக்கும் பூர்வோத்தரம் உண்டு. 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது அது. தமிழ்நாடு அரசு 2023இல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்றது. அதில் எடை என்ற சொல்லே இல்லை என்பதைப் பாராட்டாகச் சொல்கிறேன்.

கலோரியைக் குறை, நட என்ற இந்த மருந்துச்சீட்டை மனிதர்கள் முழு நேர்மையோடு கடைப்பிடித்தால் என்ன ஆகும்? அதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1945இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை 24 வாரம் கண்காணிப்பில் வைத்தார். நாளுக்கு 1,570 கலோரி போல உணவு, வாரத்துக்கு 22 மைல் நடை. எடை குறைந்தது, ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. கண்காணிப்பு இருந்த இடத்தில் கணக்கு வேலை செய்யத்தான் செய்தது. கூடவே அவர்களுக்கு எதிலும் நாட்டம் போயிற்று, எரிச்சலும் சோர்வும் கூடின. சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள், கனவிலும் பேச்சிலும் சோறுதான். கீஸ் அதற்கு வைத்த பெயர் அரைப்பட்டினி. அவர்கள் ஒல்லியான ஆண்கள், கொழுப்புச் சேமிப்பு உள்ளவர்களின் நிலை வேறு என்பது நியாயமான மறுப்பு. ஆனாலும் இன்று ஒரு நடுத்தர வயதுப் பெண்ணிடம் 1,200 என்று எழுதிக் கொடுத்து, மூன்று வேளையும் வீட்டாருக்குச் சமைக்கவும் சொல்லி, அவள் தடுமாறினால் மனவுறுதி இல்லை என்று சொல்கிறவர்கள், வீட்டாருக்குச் சமைக்க வேண்டியிராத அந்த 36 பேரை ஒரு நிமிடம் நினைக்கலாம்.

அந்தப் பெண்ணிடம் கேட்கப்படாத கேள்விகளும் உண்டு. தைராய்டு பார்த்தாயிற்றா? மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? என்னென்ன மாத்திரை? ஸ்டீராய்டு, இன்சுலின், வலிப்புக்கும் மனநலத்துக்கும் தரப்படும் சில மருந்துகள் எடையைக் கூட்டும். இரவில் எத்தனை மணி நேரத் தூக்கம்? "குறைத்துச் சாப்பிடுங்கள், நடங்கள்" என்று எழுதியதோடு இந்த விசாரணை முடிந்துவிடுகிறது. பதில் முன்கூட்டியே தெரிந்த இடத்தில் யார் கேள்வி கேட்பார்கள்? நான் கடுமையாகப் பேசுகிறேன் என்றால் பேசுகிறேன்தான்.

கடைசியாக ஊசி. செமாகுளூடைடு, டிர்செபடைடு என்ற ஊசி மருந்துகள் எடைக்குறைப்புக்கென்று 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. விலையும் பக்கவிளைவும் தனி விவாதம். எனக்கு முக்கியம் செமாகுளூடைடை வைத்து நடந்து 2021இல் வெளியான பெரிய சோதனையின் அமைப்பு. 1,961 பேர். மருந்து பெற்றவர்களுக்கும் வெற்று ஊசி பெற்றவர்களுக்கும் ஒரே அறிவுரை: தினம் 500 கலோரி குறைப்பு, வாரம் 150 நிமிடம் உடலுழைப்பு, இரண்டையும் குறிப்பேட்டிலோ செயலியிலோ பதிவது, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆலோசனை. அதாவது நம் ஆலோசகர்கள் விற்கும் அதே சரக்கு, இன்னும் நல்ல கவனிப்போடு. 68 வாரத்தில் வெற்று ஊசிக்காரர்களின் எடை சராசரியாக 2.4 சதவீதம் இறங்கியது. மருந்து பெற்றவர்களுக்கு 14.9 சதவீதம். ஊசி போட்டதும் அவர்கள் மட்டும் நேர்மையாளர்கள் ஆகிவிட்டார்களா? மனவுறுதி ஊசி வழியாக ஏறியதா? பசி அடங்கியது, அவ்வளவுதான். அந்தச் சோதனையில் அறிவுரையால் மட்டும் கிடைத்தது சராசரியாக எவ்வளவு என்பதை அந்த 2.4 காட்டுகிறது. மனவுறுதிப் பாடம் எடுத்தவர்களில் சிலர் இன்று ஊசிக்கும் பரிந்துரை செய்கிறார்கள். நேற்றுத் திட்டு வாங்கியவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகக் காணோம்.

நடையை இந்தக் கணக்குக்குள் இழுத்துவிட்டதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேடு. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர், ஏறக்குறைய மூன்று ஆண்டு. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. தினசரி நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. அவர்களின் எடையில் குறிப்பிடத்தக்க இறக்கம் ஏதுமில்லை. எடை மெஷினிடம் கேட்டிருந்தால் மூன்று ஆண்டும் வீண் என்றிருக்கும். மூன்றாம் மாதம் அந்த மெஷினைப் பார்த்து வெறுத்துப்போய் காலை நடையை நிறுத்துகிறாரே, அவர் விட்டுவிடுவது இந்தப் பலனை. நடக்கச் சொன்னவர் அவரிடம் சர்க்கரையைப் பற்றியோ இதயத்தைப் பற்றியோ பேசவில்லை. கிலோ குறையும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்.