ரெட்பீல்டின் விகிதமும் வேனிற் கடலின் கணக்கும்

கடல் நூலார் பெரிதும் எடுத்தாளும் எண்வரிசை ஒன்று உண்டு. அது 106:16:1 என்பது. மிதவைப் பயிர்களின் உடலில் பாஸ்பரஸ் அணு ஒன்றுக்கு நைட்ரஜன் அணுக்கள் 16, கரியணுக்கள் 106 என்பது அதன் பொருள். இதற்கு வித்திட்டவர் அமெரிக்க அறிஞர் ஆல்பிரட் ரெட்பீல்டு. 1934இல் அவர் எழுதிய கட்டுரையில் அவ்வெண்கள் 140:20:1 என்றே இருந்தன. 1963இல் கெட்சம், ரிச்சர்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து எழுதியபோது இன்றைய உருவம் நிலைபெற்றது. ஆசிரியரே திருத்திக்கொண்ட எண்ணைப் பின்வந்தோர் திருத்தவொண்ணா மறைமொழியாகக் கொண்டது வியப்பே!

ரெட்பீல்டின் பெருமை எண்ணில் இல்லை. அவர் எழுப்பிய வினாவில் உள்ளது. ஆழ்கடல் நீரின் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிதவை உயிர்களின் உடலிலுள்ள அதே விகிதத்தில் அமைந்திருப்பானேன்? உயிர்கள் கடலுக்கு ஏற்ப அமைந்தனவா, கடல் உயிர்களுக்கு ஏற்ப அமைந்ததா? நைட்ரஜன் குறையுமிடத்து அதனைக் காற்றிலிருந்து பற்றி நிறைவு செய்யும் உயிர்கள் உண்டாதலின், கடலின் நைட்ரேட் அளவை உயிர்களே ஆள்கின்றன என்று 1958இல் அவர் வாதிட்டார். அவ்வாதம் இன்றும் வலிவுடையது.

குறை, விகிதத்தைப் பருவக் கணக்குக்குப் பயன்படுத்துமிடத்தே தோன்றுகிறது. பெர்முடா தீவையடுத்த கடலில் 1988 முதல் தொடர்ந்து அளவெடுத்து வருகின்றனர். குளிர்காலத்துக் காற்று நீரைக் கலக்க, நைட்ரேட் மேலே வருகிறது; இளவேனிலில் மிதவைப் பயிர்கள் அதனை உண்டு பெருகுகின்றன. பின்னர் மேல்நீரில் நைட்ரேட் அளக்கவும் இயலாதபடி அருகிவிடுகிறது. ஆயினும் நீரில் கரைந்துள்ள கரி கோடை முழுதும் குறைந்துகொண்டே செல்கிறது! நைட்ரேட்டின் குறைவை 6.6ஆல் பெருக்கிக் கரியாக்கத்தைக் காண்பவர்க்குக் கோடையின் விடை சுழியம். கடலோ வேறு விடை தருகிறது. 1993இல் சாம்பிரோட்டோ குழுவினரும் வேறு கடற்பகுதிகளில் இத்தகைய மிகுதியைக் கண்டு எழுதினர். அதே ஆண்டில் டாக்வெய்லர் இதற்குக் ‘கரி மிகைநுகர்ச்சி’ எனப் பெயரிட்டார்.

உரம் தீர்ந்தும் ஒளி இருப்பதால், பயிர்கள் கரியைப் பற்றிச் சர்க்கரைப் பொருளாக வெளியே கசியவிடுகின்றன என்பர் சிலர். காற்றின் நைட்ரஜனைப் பற்றும் டிரைக்கோடெஸ்மியம் போன்றவற்றைக் காட்டுவர் வேறு சிலர். எதுவும் தனித்து நின்று முழுக்கணக்கையும் நேர்செய்யவில்லை. மிகையாக நுகர்ந்த கரி யாவும் ஆழத்தில் அமிழ்ந்தது எனக் கொள்வதும் தவறேயாம். அதில் ஒரு பகுதியைப் பாக்டீரியங்கள் உண்டு மீண்டும் கரியமிலவாயுவாக்கும். ஒரு பகுதி கரைந்த நிலையில் தங்கி, அடுத்த குளிர்காலக் கலப்பிலேயே கீழே செல்லும்.

வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை எந்த மாணவனும் பெறாதிருத்தல் கூடும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். 2013இல் மார்ட்டினி குழுவினர் வெளியிட்ட அளவுகளும் அத்தன்மையவே. உரம் அருகிய வெப்பக் கடல்களில் விகிதம் 195:28:1. உரம் மிக்க குளிர்க் கடல்களில் 78:13:1. ஆழ்கடலில் பல பருவத்து நீரும் பல கடல் நீரும் நூற்றாண்டுக் கணக்கில் கலப்பதனால், ரெட்பீல்டின் விகிதம் அங்கே பெரிதும் பொருந்தி நிற்கிறது.