எஜமான் வீட்டில் இல்லாதபோது

அமெரிக்க பேஸ்பால் எழுத்துக்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வருகிறது: விஷயம் தெரிந்த பொது மேலாளர், எதிலும் மூக்கை நுழைக்கும் முதலாளி, கடைசியில் மேலாளர் போராடிப் பெறும் தன்னாட்சி. இந்தக் கதையாடல் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

1973-ல் நியூயார்க் யாங்கீஸ் அணியை வாங்கிய ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னர், அன்றாட நிர்வாகத்தில் தலையிட மாட்டேன் என்றார். அப்புறம் பில்லி மார்ட்டின் என்ற ஒரே ஆளை ஐந்து தடவை தலைமைப் பயிற்சியாளராக வைத்து, ஐந்து தடவையும் தூக்கினார். ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்டுக்கு எதிராகத் துப்புக் கொடுத்த சூதாடி ஒருவருக்கு 40,000 டாலர் தந்ததற்காக, 1990-ல் ஆணையர் ஃபே வின்சென்ட் அவரை நிர்வாகத்திலிருந்து விலக்கினார். 1993 மார்ச்சில்தான் திரும்பினார்.

இடையில் பொது மேலாளர் ஜீன் மைக்கேல் இளைஞர்களை அவசரப்பட்டு விற்காமல் வளர்த்தார். பெர்னி வில்லியம்ஸ் தங்கினார். 1992-ல் டெரெக் ஜீட்டர் வந்தார். 1996, 1998, 1999, 2000 பட்டங்களுக்கு விதை அங்கேதான். ஆனால் 1995 பருவம் முடிந்ததும் மைக்கேலிடம் அந்தப் பதவி இல்லை. அவர் எஜமானை வெல்லவில்லை. எஜமான் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். விலக்கிய ஆணையர் கதி? முதலாளிகள் 18-9 என்று நம்பிக்கையில்லா வாக்களிக்க, 1992 செப்டம்பரில் ராஜினாமா.

1998-ல் 30 வயதில் பொது மேலாளரான பிரையன் கேஷ்மன், 2005-ல் அதிகாரம் கையில் இருந்தால்தான் இருப்பேன் என்று புது ஒப்பந்தத்தில் அதை வாங்கிக்கொண்டார். ஸ்டெய்ன்பிரென்னர் 2010-ல் இறந்தார். 2011 ஜனவரியில் அணி ரஃபேல் சொரியானோவை மூன்று வருஷத்துக்கு 3.5 கோடி டாலருக்கு எடுத்தது. இது தன் பரிந்துரை இல்லை என்று கேஷ்மன் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லத்தான் முடிந்தது, தடுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலாளர் கேட்கும் சுதந்திரம் என்பதே ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவுமான சுதந்திரம். அந்த ஆட்டக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஓர் அணியோடு காலம் பூராவும் கட்டிப்போட்ட விதியை எதிர்த்து, கர்ட் ஃப்ளட் 1972-ல் உச்சநீதிமன்றத்தில் தோற்றார். 1975-ல் அவர்களுடைய சங்கம் நடுவர் தீர்ப்பு மூலம் அதை உடைத்தது. எஜமான் மாறினாலும் செத்தாலும் அந்த உரிமை நிற்கிறது. மேலாளரின் தன்னாட்சியோ இரவல் நகை. கொடுத்தவர் கேட்டால் கழற்ற வேண்டியதுதான்.

‘எங்களைச் சுதந்திரமாக விட்டிருக்கிறார்கள்’ என்று யாராவது பெருமைப்பட்டால், விட்டது யார் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.