தி சா டாக்டர்ஸ்: ஒரு ஊரின் பாட்டை ரசிப்பது எப்படி?

அயர்லாந்தின் மேற்கே, கால்வே வட்டாரத்தில் டூயம் என்றொரு சின்ன ஊர். 1986-இல் அங்கே உருவான ராக் குழு தி சா டாக்டர்ஸ். ஊர் ஊராகப் போய் ரம்பங்களுக்குச் சாணை பிடித்துக் கொடுத்த தொழிலாளிகளின் பெயர் அது. பங்க் குழுவில் பாடிய டேவி கார்ட்டனும், ரெகே குழுவில் கிதார் வாசித்த லியோ மோரனும் இதன் தூண்கள். புகழ் தேடி இவர்கள் ஊரை மறைக்கவில்லை; ஊரையே பாடினார்கள். அதை மனதில் வைத்துக் கேட்டால் இவர்களின் இசை எளிதில் வசப்படும்.

முதலில் வரைபடம், பிறகு பாட்டு

‘என்17’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். பாட்டு வந்த காலத்தில் கால்வேயிலிருந்து டூயம் வழியாக ஸ்லைகோ நோக்கிப் போன நெடுஞ்சாலையின் எண்தான் தலைப்பு. கேட்பதற்கு முன் டூயம், கிளேர்கால்வே, ஷானன் விமான நிலையம் மூன்றையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டில் வரும் இளைஞனை அப்பா காரில் ஷானனுக்குக் கொண்டுபோய் விடுகிறார். கிளேர்கால்வே திருப்பத்தில் அவனுக்குத் தொண்டை அடைக்கிறது. 1980-களில் அயர்லாந்தில் வேலையில்லாதோர் விகிதம் 16 சதவீதத்தைத் தாண்டியது. பிழைப்புக்காகப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். அவர்களுக்கு அந்தச் சாலை எண்ணே வீட்டு முகவரி. மெட்டு துள்ளலாக ஓட, வரிகள் ஏங்குகின்றன. இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாத்தியங்கள் நுழையும் இடம்

கிதாரும் டிரம்ஸும் பங்க் பாணியில் நேராக, வேகமாகப் போகும். அதன்மேல் மாண்டலினோ அக்கார்டியனோ வந்து சேரும் இடத்தைக் கவனியுங்கள். ராக் பாட்டு, அந்தக் கணத்தில் கிராமத்து நடனக் கூடத்துக்குள் நுழைந்துவிடும். கார்ட்டன் மேற்கு அயர்லாந்தின் பேச்சு வழக்கிலேயே பாடுகிறார். சொல் புரியாவிட்டால் கவலை வேண்டாம். பல்லவி இரண்டாம் முறை வரும்போது நீங்களும் பாடிக்கொண்டிருப்பீர்கள்.

ஏற்றத்தின் பாதை

கால்வேயில் இவர்கள் வாசித்ததைக் கேட்ட வாட்டர்பாய்ஸ் குழுவின் மைக் ஸ்காட், தம் குழுவின் சுற்றுப்பயணத்தில் இவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1989-இல் வந்த ‘என்17’ பாட்டைத் தயாரித்தவரும் அவரே. மறு ஆண்டு வந்தது ‘ஐ யூஸ்டா லவ்வர்’. சர்ச்சில் பூசை நேரத்தில் ஒரு பெண்மீது கண் போன நாட்களை ஒளிவுமறைவின்றிச் சொல்லும் அந்தக் குறும்புப் பாட்டு, அயர்லாந்தில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அந்த வெளிச்சத்தில் ‘என்17’ மீண்டும் வெளிவந்து அதுவும் ஜெயித்தது. 1996-இல் ‘சேம் ஓல் டவுன்’ தொகுப்பு பிரிட்டன் பட்டியலில் ஆறாம் இடம்வரை ஏறியது.

குறும்புக்குப் பின்னால்

இவர்களைக் கொண்டாட்டக் குழு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ‘சேம் ஓல் டவுன்’ தலைப்புப் பாட்டில் அதே சின்ன ஊர் மூச்சு முட்ட வைக்கிறது. ஊரை நேசிப்பவனுக்குத்தான் அதன் சலிப்பையும் இத்தனை துல்லியமாகச் சொல்ல முடியும். ‘தி கிரீன் அண்ட் ரெட் ஆஃப் மேயோ’ பாட்டில் பக்கத்து வட்டாரமான மேயோவின் அணி நிறங்களைப் பாடுகிறார்கள். கேலிக் கால்பந்தில் கால்வேக்கு மேயோதான் பரம வைரி! எதிரணியின் மண்மீதும் பாசம் வைத்துப் பாடும் அந்த விசாலம் எனக்கு மிகப் பிடித்தது.

கடைசியாக, மேடை

ஸ்டுடியோப் பதிவுகளைக் கேட்ட பிறகு மேடைப் பதிவுகளுக்கு வாருங்கள். பல்லவியைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும்போது பாடகர் விலகி நிற்பார். பாஸ்டனிலும் கிளாஸ்கோவிலும் மக்கள் ஓர் அயர்லாந்துச் சாலையின் எண்ணை உரக்கப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அந்தச் சாலையில் கால் வைத்ததே இல்லை. ஊர்ப் பெயரை மழுப்பாமல் சொன்னதால்தான் அந்தப் பாட்டுக்குள் ஒவ்வொருவராலும் தம் ஊரை வைத்துக்கொள்ள முடிந்தது.