தொப்பியைத் தொடாத மனிதர்

பூப்பந்தும் காற்பந்தும் பார்த்து வளர்ந்த நமக்கு பேஸ்பால் அந்நியம்தான். இருந்தாலும், ஒரு விதிகூடத் தெரியாமல் ஜான் அப்டைக்கின் ‘ஹப் ஃபேன்ஸ் பிட் கிட் அட்யூ’ கட்டுரையைப் படித்துவிடலாம்.

1960 செப்டம்பர் 28, பாஸ்டனின் ஃபென்வே பார்க். ரெட் சாக்ஸ் அணியின் டெட் வில்லியம்ஸ் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டம். அவருக்கு வயது 42. பார்க்க வந்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் ஒருவர் அப்டைக், வயது 28. கட்டுரை அடுத்த மாதமே ‘நியூயார்க்கர்’ இதழில் வந்தது.

சரி, அப்படி என்ன பெரிய ஆட்டம்? ஒண்ணுமே இல்லை. அந்தப் பருவத்தில் எட்டு அணிகளில் ரெட் சாக்ஸுக்கு ஏழாவது இடம். எதிரணி பால்டிமோர் ஓரியோல்ஸ். ஜெயித்தாலும் தோற்றாலும் எதுவும் மாறாது. வானம் வேறு மூட்டம். கட்டுரையின் பலம் இங்கேதான் தொடங்குகிறது. எதுவும் பணயத்தில் இல்லாத நாளிலும் அக்கறையோடு மட்டை பிடிப்பவர்தான் நிஜமான ஆட்டக்காரர் என்கிறார் அப்டைக். அதற்குச் சாட்சியாக, வில்லியம்ஸ் மட்டையோடு வந்த ஒவ்வொரு முறையும் நடந்ததை வரிசையாகச் சொல்கிறார். முதல் முறை அடிக்கத் தோதான பந்தே வரவில்லை. அடுத்த இரண்டு முறையும் பந்து உயரப் போய்ப் பிடிபட்டது. எட்டாவது இன்னிங்ஸில் எறிந்தவர் ஜாக் ஃபிஷர், வயது 21. வில்லியம்ஸ் முதல் பந்தை விட்டார். இரண்டாவதுக்கு வீசித் தவறவிட்டார். மூன்றாவது வேலியைத் தாண்டியது. வாழ்நாளின் 521வது ஹோம் ரன். நியூயார்க்கில் மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு அவர் போகவில்லை. ஆக, அதுவே அவர் கடைசியாக அடித்த பந்து.

அரங்கம் எழுந்து கத்துகிறது. வெளியே வந்து தொப்பியை லேசாகத் தூக்கினால் போதும். அவர் வரவில்லை. இதற்கு அப்டைக் தரும் விளக்கம்தான் கட்டுரையிலேயே பிரபலமான வரி. தெய்வங்களிடம் பதில் எதிர்பார்க்கக்கூடாது என்கிற அர்த்தத்தில், ஒரே தாவலில் வில்லியம்ஸைத் தெய்வமாக்கிவிடுகிறார்.

அந்த வரிதான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் கட்டுரையே அதை மறுக்கிறது. ஆட்டத்துக்கு முந்தைய சிறு விழாவில் வில்லியம்ஸ் பேசினார். பத்திரிகைக்காரர்களை ஒரு குத்து குத்திவிட்டு, பாஸ்டன் ரசிகர்களை மனதாரப் புகழ்ந்தார். இதையும் அப்டைக்தான் எழுதியிருக்கிறார். பதில் சொல்லத் தெரிந்தவர்தான், தொப்பியைத்தான் தொட மறுத்தார். அதற்குப் பின்னால் இருபது வருடக் கசப்பு இருக்கிறது: கேலிக் கூச்சல், சீண்டிய பத்திரிகைகள், 1956இல் ரசிகர்களை நோக்கித் துப்பியதற்காக 5,000 டாலர் அபராதம். இது மனுஷனின் வீம்பு. தெய்வத்துக்கு வீம்பு எதுக்கு?

அபிமான எழுத்தாளருக்கு அஞ்சலி எழுதும்போது நாமும் இதையே செய்கிறோம். முதல் வரியிலேயே ஆளை ‘சிகரம்’ ஆக்கிவிடுவோம், அவருடைய ஒரு கதையைப் பற்றிக்கூட ஒரு பத்தி இருக்காது. அப்டைக் தடுக்கி விழுவது ஒரு வரியில் மட்டும்தான். மற்ற பக்கங்களில் பந்து இருக்கிறது, காற்று இருக்கிறது, கணக்கு இருக்கிறது. முக்கியமான ஆட்டங்களில் வில்லியம்ஸ் சோபிக்கவில்லை என்ற குற்றச்சாட்டைக்கூட ஒளிக்காமல் எடுத்துப் பேசுகிறார். நேசிப்பவரை இப்படி எடை போடுவதும் மரியாதைதான். துதியில் அது கிடைக்காது.

1991இல், 72 வயதில், அதே ஃபென்வே பார்க்கில் வில்லியம்ஸ் தொப்பியைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பிரபலமான வரியை இனி முன்புபோல வாசிக்க முடியாது. ஆனால் எட்டாவது இன்னிங்ஸ் அப்படியே நிற்கிறது. அதில் தலை குனிந்தபடி அவசரமாக ஓடுபவர், வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் கிளம்புகிற ஒரு ஆள்.